கண்ணெதிரே இருந்தும் தப்பிவிடும் துப்பு

முதலில் ஒரு கேள்வி. குருட்சேத்திரப் போர்க்களத்தில் அர்ச்சுனனுக்கு ராமன் உபதேசித்த கீதையில் மொத்தம் எத்தனை அத்தியாயங்கள்?

பதினெட்டு என்று மனதுக்குள் சொல்லியிருந்தால் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். கீதையைச் சொன்னது கண்ணன். விடுதியில் இதைக் கேட்டபோது முந்திக்கொண்டு பதினெட்டு என்றவன், மகாபாரதத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவன்!

1981இல் எரிக்சன், மாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் இதே வேலையைச் செய்தார்கள். ‘மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?’ என்று கேட்டார்கள். பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து விலங்குகளைக் காப்பாற்றிய அந்தப் பேழை நோவாவுடையது, மோசேயுடையது அல்ல. அது நன்றாகத் தெரிந்தவர்களிலும் பலர் ‘இரண்டு’ என்றே பதில் சொன்னார்கள். இதற்கு மோசே மாயை என்று பெயர்.

படிக்கும்போது மூளை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஏறக்குறையப் பொருந்தினால் போதும், விட்டுவிடும். ராமனும் அவதாரம், கண்ணனும் அவதாரம். அங்கே துரியோதனன் என்று போட்டிருந்தால் உடனே இடறியிருக்கும். அப்புறம், கேள்வி கேட்பது எண்ணிக்கையை. கவனம் முழுக்க அங்கே போய்விடுகிறது. ‘ராமன் உபதேசித்த’ என்பது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்போல ஓரமாக நிற்கிறது.

மர்ம நாவல் எழுதுகிறவர்களுக்கு இந்த ஓரம்தான் பிழைப்பே. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்டெடுக்கும் எந்தத் துப்பையும் வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சரி, காட்டவும் வேண்டும், தெரியவும் கூடாது. எப்படி? நானே ஒரு வரி எழுதிப் பார்த்தேன்:

‘நேற்று மாற்றிய பூட்டைத் திறந்து உள்ளே வந்த சேகர், கூடத்தில் கிடந்த உடலைப் பார்த்து அலறினான்.’

படிப்பவர் உடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று மாற்றிய பூட்டுக்கு சேகரிடம் சாவி எப்படி வந்தது? இதையே ‘பூட்டை நேற்றுதான் மாற்றினார்கள். சேகரிடம் சாவி இருந்தது’ என்று இரண்டு வாக்கியமாக உடைத்தால் பள்ளிக்கூடப் பையன்கூட விழித்துக்கொள்வான். வாக்கியத்தின் முக்கியச் செய்தியில் இருக்கும் தவறைவிட, துணை வாக்கியத்தில் ஒதுங்கியிருக்கும் தவறு எளிதில் தப்பிவிடும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தமிழில் இது இன்னும் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. ‘மாற்றிய’, ‘வந்த’ என்று பெயரெச்சங்களை முன்னால் அடுக்கிக்கொண்டே போகலாம். வாசகர் கடைசியில் வரும் வினைமுற்றுக்காக ஓடுவார்.

அலறலும் சும்மா வைத்ததில்லை. 2015இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், ஹிட்ச்காக் உள்ளிட்டோரின் படக் காட்சிகளை மூளை ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினார்கள். திரையின் ஓரங்களில் சதுரங்கக் கட்டங்கள் மின்னிக்கொண்டிருந்தன. பதற்றம் ஏறும் இடங்களில் ஓரக் காட்சிகளைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. கவனம் நடுவில் குவிந்தது. இது திரையில் அளந்தது. பக்கத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் ஊகம். துப்பைக் கொடுத்த கையோடு கதவு தட்டப்படுவதும் மின்சாரம் போவதும் இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

நூலகப் புத்தகங்களில் யாராவது ஒரு புண்ணியவான், பாதிக் கதையிலேயே ‘இவன்தான் கொலைகாரன்’ என்று பென்சிலால் எழுதிவைத்திருப்பார். அவருக்கும் ஆதரவாக ஓர் ஆய்வு உண்டு. 2011இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளைக் கொடுத்துப் பார்த்ததில், முடிவு முன்பே தெரிந்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள், மர்மக் கதைகளிலும்கூட. பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. முடிவு தெரிந்த பிறகு பூட்டையும் சாவியையும் எங்கே ஒளித்தார்கள் என்று தேடுவது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாம் வாசிப்பின் சுகம். முதல் வாசிப்பில் ஏமாறும் உரிமையை அந்தப் பென்சில்காரருக்கு நான் விட்டுத்தருவதாக இல்லை.