ஷூ கடித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் முழங்கால் வலி என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்ததை ஒருநாள் விடாமல் செய்கிறவர், தினமும் விடியற்காலையில் கோவை ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் காபியே குடிப்பாராம். முழங்காலோ இடுப்போ, எந்த வலி என்று வந்தாலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அவருடைய வலது ஷூவைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன், டொக்கென்று தரையில் ஒரு புளியங்கொட்டை விழுந்தது. பேரன் விளையாடிவிட்டுப் போட்டது எப்படியோ உள்ளே போயிருக்கிறது. உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில் கொட்டையின் அளவுக்கே தோல் சிவந்து, நடுவில் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "தெரியலைங்க டாக்டர், வலியே இல்லைங்களே" என்றார்.

வலி இல்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே வலிக்கும், ஆனாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். "புதுசுல கடிக்கத்தாங்க செய்யும், போகப்போகச் சரியாயிரும்." கோவையில் பிசியோதெரபி செய்யும் இத்தனை வருடங்களில் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டதிலிருந்து இளைஞர்கள் கூட்டமும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரெக்கிங் பூட்ஸ் வாங்கி, சனிக்கிழமை விடியலில் மலையேறி, திங்கட்கிழமை இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போய் என் முன்னால் உட்காருவார்கள். நகத்துக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் கால் முன்னால் சறுக்கி ஒவ்வொரு அடிக்கும் விரல் நுனி ஷூவில் போய் முட்டும், இரண்டு மணி நேர இறக்கம் என்றால் எத்தனை ஆயிரம் அடி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"போகப்போகச் சரியாகும்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நல்ல தோல் பூட்ஸ் நாள்பட நாள்பட இளகும், அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். சோல் வளைய ஆரம்பிக்கும். ஆனால் எந்த ஷூவும் நீளத்தில் வளராது. விரல் முட்டுகிற ஷூ பத்து வருடம் ஆனாலும் முட்டிக்கொண்டுதான் இருக்கும். இன்றைக்குக் கடையில் இருக்கும் பெரும்பாலான நடைஷூக்கள் தோலும் இல்லை, செயற்கைத் துணியும் வலையும் ஒட்டிச் செய்தவை, அவை அகலத்தில்கூடப் பெரிதாகக் கொடுப்பதில்லை. கடையில் போட்டுப் பார்க்கும்போது ஓர் இடத்தில் அழுத்தினால், அங்கேதான் கொப்புளம் வரப்போகிறது. வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிப்பது உங்கள் காலின் குற்றம் இல்லை. நாம் இன்னமும் 8, 9 என்று சொல்வதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அளவுமுறை. சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை முப்பரிமாணக் கருவி வைத்து அளந்தது. நம் கால்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. அகலம் போதாததால் நம் ஆட்கள் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்போது முன்னால் அகலம் கிடைத்துவிடும், பின்னால் குதிகால் கழன்று கழன்று விழும். அந்த உரசலில் குதிகாலில் கொப்புளம். இந்தியக் கால்களுக்கென்றே 'பா' என்று புது அளவுமுறையை அந்த ஆய்வுக்குப் பிறகு முன்வைத்திருக்கிறார்கள். அது கடைக்கு வந்து சேரும்வரை எண்ணை நம்பாமல் காலை நம்புங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நடைப் பயணத்திலும் அப்படித்தான் வீங்கும். எந்த சாக்ஸ் போட்டு நடக்கப் போகிறீர்களோ அதையே எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், நிறையப் பேருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அப்புறம் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வேலை. ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே உருவித் தரையில் போட்டு அதன்மேல் எழுந்து நில்லுங்கள். சுண்டுவிரலோ பாதத்தின் ஓரமோ இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சரி, இதெல்லாம் பொருந்தினால் லேஸை இறுக்கிக் கட்டி, ஷூவின் நுனியைத் தரையில் நாலு தட்டு தட்டுங்கள். கடைப்பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பரவாயில்லை. விரல் முட்டினால் மலை இறக்கத்திலும் முட்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள், குதிகால் உள்ளே எழும்பக் கூடாது.

ஷூவையும் கொஞ்சம் சோதிக்கலாம். நுனியையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது. பின்பக்கக் குதிச்சுவரை இரண்டு விரலால் அழுத்தினால் உடனே அமுங்கிப் போகக் கூடாது.

கணுக்காலுக்கு மேல் வரும் உயரமான பூட்ஸ் எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். பார்க்கிலும் தார் ரோட்டிலும் நடக்கிறவர்களுக்கு லேசான நடைஷூ போதும். முதுகில் பாரத்தோடு கல்லும் வேருமாக இருக்கும் பாதையில் போகிறவர்களுக்கு, முன்பு கணுக்கால் பிசகியவர்களுக்கு, பூட்ஸ் நல்லது. தண்ணீர் புகாத பூட்ஸ் என்று கூடுதல் விலை வைத்து விற்பார்கள். குளிர் நாட்டுக்கு அது அருமையான பொருள். வால்பாறை மழையில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கிவிடும், இறங்கியது வெளியே போகாது, நம் வெக்கைக்கு வியர்வையும் சேர்ந்து கால் நாள் முழுக்க ஊறிக்கொண்டிருக்கும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். சீக்கிரம் நனைந்து சீக்கிரம் காய்கிற வலைத்துணி ஷூவைத்தான் நம் மலைகளுக்கு நான் சொல்வேன். சாக்ஸும் அப்படித்தான், முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நீண்ட நடைக்குக் கம்பளியோ செயற்கை இழையோ கலந்தது நல்லது.

இறக்கம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து லேஸை மறுபடி கட்டுங்கள். கடைசித் துளைக்குள் லேஸை அதே பக்கமாகவே விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கி, எதிர்ப்பக்கத்து லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும், விரல் முன்னால் போய் முட்டாது. இரண்டு நாள் முன்னதாகவே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். வழியில் ஓர் இடம் சுருசுருவென்று சூடாகத் தெரிந்தால் அப்போதே நின்று, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் மருத்துவ டேப் ஒட்டுங்கள். கூட வந்தவர்கள் காத்திருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையைத் தள்ளிப்போட்டால் பத்து நாள் செருப்பு போட முடியாமல் போகும்.

இப்போது கண்டக்டர் ஐயாவுக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் வலி தெரிகிறவர்களுக்கு. சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் கால் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கும், அவர்களுக்குக் கடிக்கிற ஷூவும் சொகுசான ஷூவும் ஒன்றுதான். நைலான் இழை ஒன்று வைத்திருக்கிறேன், பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். அதை அவர் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டேன், நாலு இடத்தில் அவருக்குத் தெரியவே இல்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, சர்க்கரை உள்ள எல்லோரும் வருடம் ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டும்.

உணர்ச்சியில்லாத காலுக்குச் செருப்புதான் மருந்து என்பதை நம் ஊர் மருத்துவம் எப்போதோ கற்றுக்கொண்டது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனிக்க ஆரம்பித்தபோது, அவர்களின் கை கால் அழிவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதுதான் என்று காட்டினார். தொழுநோயாளிகளின் கால்களைக் காப்பாற்றிய எம்சிஆர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புகள்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அவற்றை வாங்க வெட்கப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பழனி பாதயாத்திரை போகிறேன் என்று சொல்பவர்களை நான் தடுப்பதில்லை, அது அவர்களுக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம், ஆனால் மதிய வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் தோல் மொத்தமாகக் கழன்று வந்தவர்களுக்குக் கட்டுப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குக் கால் உணர்ச்சி குறைவென்றால் பாதுகாப்பான செருப்போடு நடந்து போங்கள். கோயில் கல்தரையை விடியற்காலையில் மிதியுங்கள், பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். இரவு படுக்கும்முன் கண்ணாடி வைத்தோ வீட்டில் ஒருவரை விட்டோ உள்ளங்காலைப் பாருங்கள். புண் தெரிந்தால் நீங்களாக மருந்து போடாமல் மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

ஷூவைப் பார்த்துக்கொள்வதில் நுணுக்கம் அதிகம் இல்லை. நனைந்தால் இன்சோலையும் லேஸையும் எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காற்றோட்டமாக வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். சேற்றைக் காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈர ஷூவை மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், தினமும் நடக்கிறவர்கள் முடிந்தால் இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போடுங்கள். தினம் ஐந்து கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 1800 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் மெத்தை அதற்கு வெகுமுன்பே செத்திருக்கும்.

கடைசியாகப் பரணில் இருக்கும் ஷூ. என் நண்பர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய ட்ரெக்கிங் பூட்ஸை இரண்டே முறை போட்டுவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று ஏழு வருடம் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு மலையில் பாதி வழி போனதும் ஒரு சோல் மொத்தமாகக் கழன்று வாய் பிளந்தது, உள்ளே இருந்த மெத்தை ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பல பூட்ஸ்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்தது. காற்றிலிருக்கும் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும், வெக்கையும் சேர்ந்தால் இன்னும் வேகம், அதிலும் போடாமல் மூடி வைத்திருந்தால்தான் சீக்கிரம் போகும். பழைய பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்றால் சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, பொடி உதிர்ந்தாலோ அது மலைக்கு உதவாது. நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் ஒரு வாரம் முன்பே எடுத்து, வீட்டைச் சுற்றி நாலைந்து நாள் நடந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கண்டக்டர் ஐயாவுக்குப் புண் ஆற ஆறு வாரம் ஆனது. இப்போது வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவிய பிறகுதான் காலை நுழைக்கிறார், பேரனும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறானாம்.