கம்பத்துக் கேமராவுக்கு யார் பொறுப்பு? பெங்களூரில் உள்ளவர்களுக்கு ஒரு விளக்கம்

சிவாஜிநகர் பக்கம் அண்ணாந்து பார்த்தால் போலீஸ் கேமரா, போக்குவரத்துக் கேமரா, நகைக்கடைக்காரர் தெருவைப் பார்த்து மாட்டியது என்று வரிசையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் கிடையாது. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

போலீஸ் கேமராக்களில் 7,000-க்கும் மேற்பட்டவை பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் வந்த 'சேஃப் சிட்டி' திட்டத்தைச் சேர்ந்தவை. செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, மீதி மாநில அரசு.

கடைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம். ஒரே நேரத்தில் 100 பேர், அல்லது ஒரு நாளில் 500 பேர் வந்துபோகும் இடமென்றால் கேமரா கட்டாயம். அல்சூரில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் மெஸ், கல்யாண மண்டபம், ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் கூடும் கோவில் எல்லாம் இதில் வரலாம். பதிவை 30 நாள் வைத்திருந்து, போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். மாட்டாதவர்களுக்கு முதல் மாதம் 5,000 ரூபாய், அடுத்த மாதம் 10,000 ரூபாய் அபராதம். அதற்கும் அசையாவிட்டால் கடையை மூடும் வரை போகலாம்.

சரி, கேமராவைச் சோதிப்பது யார்? 2025 ஏப்ரல் 9 முதல், மத்திய மின்னணு அமைச்சகத்தின் பாதுகாப்பு விதிகளின்படி ஆய்வகச் சோதனையில் தேறாத கேமராவை விற்கக் கூடாது. உள்ளிருக்கும் மென்பொருளை வெளியார் மாற்ற முடியுமா, போகும் தகவல் பூட்டப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது விலையை மட்டும் பேசாமல், பெட்டியில் 'ஆர்' (R) என்று தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடல் இந்தப் புதிய சோதனையில் தேறியதா என்றும் கேளுங்கள்.

ஆனால் சோதனை கருவிக்குத்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு உரிமமும் இல்லை, தெருக் கேமராக்களை மேற்பார்வை பார்க்கத் தனி ஆணையமும் இல்லை. என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை இதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கைத் தொடுத்தவரே கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி. அதற்குப் பிறகு வந்த 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

விதி தெளிவாக இருப்பது காவல் நிலையத்துக்குள்ளேதான். உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் 2 தீர்ப்பின்படி லாக்கப், வராண்டா, வாசல் எங்கும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. மேற்பார்வைக்கு மாநிலக் குழு, மாவட்டக் குழு உண்டு. உள்ளே அடி வாங்கியவர் மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யலாம், பதிவைப் பத்திரப்படுத்தவும் கோரலாம்.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம். வண்டி திருட்டுப் போனால் எதிர்க் கடைக்காரர் பதிவை உங்களிடம் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. புகாரிலேயே கடை, கேமரா இருக்கும் திசை, நேரம் மூன்றையும் எழுதி, பதிவைக் கைப்பற்றும்படி கேளுங்கள், ரசீது வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். பதில் தர 30 நாள் அவகாசம், கடையில் பதிவு அழியவும் அதே 30 நாள்! விசாரணையையோ பிறர் அந்தரங்கத்தையோ காரணம் காட்டி மறுக்கவும் வழியுண்டு.

கேமரா எத்தனை வேலை செய்கிறது, பார்க்க யாருக்கு அனுமதி, எத்தனை நாளில் அழிக்கிறார்கள் போன்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டம் நல்ல வழி. கட்டணம் 10 ரூபாய். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இங்கே செல்லாது; கன்னடம், ஆங்கிலம், இந்தி மட்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது.