கொழும்பு வளவில் சகுரா நடாதீர்கள்

இந்த மாதமும் ஒரு வீட்டில் செத்துக்கொண்டிருக்கும் செரிக் கன்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். தெஹிவளையில், கொங்கிரீட் முற்றத்து மூலையில், பெரிய சாடி ஒன்றில் நின்றது. இணையத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நாள் தவறாமல் வேரடியில் ஐஸ் கட்டி போட்டு வந்தாராம் அந்த வீட்டு அம்மா. "பசளையும் வைச்சன், தண்ணியும் விட்டன் தம்பி, ஏன் பூக்கேல்லை?" என்று கேட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. விற்றவர்களில்தான் கோபம்.

வேரில் ஐஸ் போட்டால் செரி பூக்கும் என்கிற இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ, அதை முதலில் ஒழிக்க வேண்டும். ஜப்பானியர் சகுரா என்று சொல்லும் இந்தப் பூச்செரி குளிர்காலம் உள்ள நாட்டு மரம். கோடையிலேயே அடுத்த வருடத்துக்கான பூமொட்டை உண்டாக்கி வைத்துவிட்டு, இலையை உதிர்த்து உறங்கப் போகும். அந்த உறக்கம் கலைவதற்குக் குளிர் பட வேண்டியது கிளையில் உள்ள மொட்டுக்கு, வேருக்கு அல்ல. அதுவும் ஓரிரு இரவு போதாது. பெரும்பாலான வகைகளுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிர் பல நூறு மணித்தியாலம் கிடைக்க வேண்டும். கொழும்பில் தை மாத விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சாடியில் போட்ட ஐஸ் கொஞ்ச நேரத்தில் உருகிவிடும். அப்புறம் மிஞ்சுவது ஈரமும் வேர் அழுகலும்தான். ஏசி அறையில் வைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். 18 பாகை நமக்குக் குளிர், அந்த மொட்டுக்கு அது போதாது. போதாக்குறைக்கு அறைக்குள் வெயிலும் இல்லை.

ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவைப் பாருங்கள். ஜப்பானின் பெருந்தீவுகளில் சகுரா பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பூத்துக்கொண்டு போகும். வெப்பமான ஒகினாவாவில் இது தலைகீழ். ஜனவரியில் வடபகுதி மலைகளில் முதலில் பூத்து, பிறகுதான் தெற்கே நாஹாவுக்கு வருகிறது. வடக்கில்தான் குளிர் முதலில் இறங்குகிறது, அதுதான் காரணம். இத்தனைக்கும் அங்கே வளர்வது குறைந்த குளிரே போதும் என்கிற தைவான் செரி. அதுவே குளிருக்குக் காத்திருக்கிறது என்றால், வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஜப்பானில் பரவலாக நடப்படும் சகுரா வகையான சோமெய் யொஷினோ என்ன செய்யும்?

விதைப் பொட்டலங்களையும் வாங்காதீர்கள். நீலச் சகுரா என்று ஒரு மரமே கிடையாது, படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். சோமெய் யொஷினோவை ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள், விதை போட்டால் அதே மரம் வராது. ஜாம் பழக் கன்றைச் 'செரி' என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு. பறவைகளுக்கு நல்ல மரம் அது, வையுங்கள். ஆனால் அது வேறு குடும்பம், அதில் இளஞ்சிவப்புப் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும்போது சூட்கேசுக்குள் தடி, கன்று எதையும் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் சும்மா எழுதி வைத்ததல்ல. ஒரு தடியோடு வரும் நோய் நுவரெலியாவின் பீச் மரங்களுக்கும் பரவலாம்.

நுவரெலியாப் பக்கம் வளவு இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். அங்கே உயரம் 1,800 மீற்றருக்கு மேல், வருடத் தொடக்கத்தில் உறைபனியும் விழும். இமயமலைச் செரி அந்த இடத்துக்குப் பொருத்தம். முழு வெயில், தண்ணீர் தேங்காத சரிவு, இந்த இரண்டும் கட்டாயம். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்து நட்டுவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்! ஒட்டுக்குக் கீழே முளைப்பதெல்லாம் அடிக்கன்றின், அதாவது ஒட்டைத் தாங்கும் வேர்க்கன்றின் கிளை, அவ்வப்போது நீக்குங்கள். மழை நாளில் கத்தரிக்க வேண்டாம், ஈர வெட்டு வழியே பூஞ்சை ஏறும். பூத்து முடிந்து நல்ல வெயில் காயும் நாளில், காய்ந்த கிளையையும் உரசும் கிளையையும் மட்டும் எடுங்கள். தண்டில் பிசின் வடிந்தால் உடனே மருந்துக்கு ஓடாமல் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

கொழும்பில் இளஞ்சிவப்புத்தான் வேண்டுமென்றால், நம்முடைய வீதிகளிலேயே ரொபரோசியா நிற்கிறது. மத்திய அமெரிக்க மரம், எல் சல்வடோரின் தேசிய மரம். வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும், எனவே பூக்கும் பருவத்துக்கு முன் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டாம். பெரிதாக வளரும் மரம் என்பதால் மதிலை ஒட்டி நடாதீர்கள், மேலே மின்கம்பி இருந்தாலும் வேண்டாம். ஓரளவு இடம் உண்டென்றால் பூமருது, மிகச் சிறிய வளவென்றால் மந்தாரை.

ஏற்கெனவே செரிக் கன்று வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஐஸை நிறுத்துங்கள். சாடியின் அடித்துளை அடைத்திருந்தால் குத்தித் திறந்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். தண்டைச் சற்றுச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் மலையில் இருக்கும் சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பி வையுங்கள். பழுப்பாக இருந்தால் கன்றைப் பிடுங்கி, சாடியைக் கழுவி வெயிலில் காயவிட்டு, புது மண் போட்டு மந்தாரையை வையுங்கள்.