வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் என்னைத் தேடி வருபவர்களில் கூத்துக் கலைஞர்களும் இருப்பார்கள். இந்த முறை வந்தவர் பண்ருட்டிப் பக்கத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒன்றின் வாத்தியார். திரௌபதி அம்மன் திருவிழாவில் துகில் கூத்து. விடியப் போகிற நேரத்தில் துரியோதனன் சபையில் நின்ற கட்டியங்காரன், கூத்தின் கோமாளி, “ராஜா, ஏரியில இருந்த மண்ணைக் காணோமே, சூதாட்டத்துல அதையும் வச்சுட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. ஊர் ஏரியில் ராத்திரியோடு ராத்திரியாக மண் அள்ளியவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஸ்டேஷனுக்குப் புகார் போனது. ஏரியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. “பெண்கள் முன்னால் ஆபாசமாகப் பேசிச் சமூகத்தைக் கெடுக்கிறார்கள்” என்று இருந்தது.

வாத்தியார் கைபேசியில் ஒரு படம் காட்டினார். கோடு போடாத வெள்ளைத் தாள். “எனது சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, ஊர் நலன் கருதி இனி இவ்வூரில் கூத்து நடத்த மாட்டேன்.” எழுத்து அவருடையது அல்ல. கையெழுத்து மட்டும்தான் அவருடையது. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, காதோரத்து அரிதாரம்கூடப் போகாமல் போய் உட்கார்ந்தவரிடம் வாங்கியது.

சமூக நலனுக்காகக் கலையைத் தணிக்கை செய்யலாமா என்று மேடை போட்டுப் பேசுகிறோம். தணிக்கை எங்கோ மும்பையில், ஏதோ ஒரு வாரியத்தில் நடப்பதாக நினைப்பு. நம் ஊரில் அதற்கு வாரியமும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். இந்த ஒரு தாள் போதும்.

எனக்கு அலுத்துப்போன கேள்வி ஒன்று உண்டு: “சார், கதையை முன்னாடியே ஸ்டேஷன்ல காட்டி ஓகே வாங்கணும்ல?” படித்தவர்களும் கேட்கிறார்கள். வேண்டாம். முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டியது திரைப்படத்துக்கு, 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி. நாடகத்துக்கு 1876இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954இல் தமிழ்நாடும் தனியாக ஒன்று போட்டது. நாடகத்தைத் தடை செய்யவும் பிரதியைக் கேட்கவும் அதிகாரம் தந்த அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ஞாநி. வெள்ளைக்காரன் சட்டத்தை நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. ஆகவே ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குங்கள், இடத்துக்கு வாங்குங்கள். வசனத்துக்கு வாங்காதீர்கள். இல்லாத அதிகாரத்தை நாமே கொண்டுபோய்க் கையில் கொடுக்கக் கூடாது.

“ஆனா ஊர்ல கலாட்டா வருமே?” 1989இல் ஒரு தமிழ்ப் படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கலாட்டா வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது; பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை.

‘மாதொருபாகன்’ நாவல் எழுதிய பெருமாள்முருகன் விஷயமும் இதுதான். 2015இல் நாமக்கல்லில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்று உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நாடறிந்த எழுத்தாளருக்கே அந்த நிலை என்றால் ஜமா வாத்தியார் எம்மாத்திரம்?

அப்படியானால் மேடையில் எதையும் பேசலாமா? கூடாது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அப்படிப் பேசுகிற கட்டியங்காரனுக்காக நான் வாதாட மாட்டேன். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டினால் போக்சோ. வன்முறையைத் தூண்டினாலும் வழக்கு வரும். திரைப்படத்துக்கு வயது வரம்பு வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதையெல்லாம் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், எதிர்த்தரப்பும் பேச வேண்டும். ‘சமூக நலன்’ என்று சொல்லி வாயடைப்பவர் எதையும் நிரூபிப்பதில்லை. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பாரதியை 1918இல் பிடித்து அடைத்தது இதே கடலூர்ச் சிறையில்தான். அவர் இறந்த பிறகு, 1928இல், பாடல் புத்தகங்களையும் பறிமுதல் செய்தார்கள். எது கேடு என்பதை அதிகாரத்தில் இருப்பவரே முடிவு செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க நாம் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை.

சரி, கூப்பிட்டு விட்டால் என்ன செய்வது? தனியாகப் போகாதீர்கள். புகார் மனு ஏற்கப்பட்டதா, அதற்கு ஸ்டேஷனில் பதிவு செய்த சி.எஸ்.ஆர். எண் என்ன என்று கேளுங்கள். விசாரணை என்றால் எழுத்துப்பூர்வமாகச் சம்மன் கேளுங்கள். கூத்தை முழுதாக வீடியோ எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டிய துணுக்கு எதிர்த்தரப்பிடம் எப்படியும் இருக்கும். மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்டு எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்காதீர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

விழாக் குழு அண்ணன்மாரே, உங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு போன் வந்ததற்காக ஜமாவுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். அவர்கள் பிழைப்பே இந்த சீசன்தான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பயப்படாதீர்கள். தாளின் படத்தோடு வாருங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் யார் இருக்கும்போது போட்டீர்கள் என்பதை மறப்பதற்குள் எழுதி எடுத்து வாருங்கள்.