ஒரு கெஜம் தள்ளி நில்

புடவைக் கடையில் துணி அளக்கிற அதே கெஜம்தான்: மூன்றடி, 91 சென்டிமீட்டர். கனடியக் கால்பந்தில் தடுப்பணியின் முன்வரிசை பந்திலிருந்து இந்த ஒரு கெஜம் விலகித்தான் நிற்க வேண்டும். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்கக் கால்பந்தில், இரு அணிகளுக்கும் இடையே பந்தின் நீளம் மட்டுமே இருக்கும். ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். பெயர்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்கள், எறிகிறார்கள். அந்தப் பந்தும் உருண்டையாக இருப்பதில்லை.

இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட இந்த வித்தியாசம் ஒருவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். கேமரன் வேக்கின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

1982-ல் பிறந்த அமெரிக்கர் வேக். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2005-ல் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இன் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரை எவரும் எடுக்கவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒப்பந்தம் செய்து, ஆட்டப் பருவம் தொடங்கும் முன்பே விடுவித்தது. வீட்டுக்கடன் தரகராகவும் உடற்பயிற்சியாளராகவும் சிறிது காலம் ஓட்டினார். 2007-ல் வான்கூவர் நகரின் பி.சி. லயன்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு 16 முறை, மறு ஆண்டு 23 முறை எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மண்ணில் சாய்த்தார். இரண்டு ஆண்டுகளிலும் கனடிய லீக்கில் அவர்தான் முதலிடம். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் இரண்டு முறையும் அவருக்கே.

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிகிறவர். எறிவதற்குள் அவரை, ஆட்டம் தொடங்கும்போது பந்து இருக்கும் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர். சாக்குமூட்டையைச் சாய்ப்பதாக நினைத்துக்கொண்டால் நமக்கு மறக்காது. இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை.

இப்போது அந்த ஒரு கெஜத்துக்கு வருவோம். தொடக்கத்தில் ஓட்டக்காரரின் முடுக்கம் வினாடிக்கு வினாடி 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 28 சென்டிமீட்டர் கடந்ததும் அவருடைய வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். 91 சென்டிமீட்டர் கடந்ததும் 2.7 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றும். ஆனால் மோதலில் கணக்குக்கு வருவது இயக்க ஆற்றல். அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. முடுக்கம் மாறாதவரை, ஓடிய தூரம் எத்தனை மடங்கோ ஆற்றலும் அத்தனை மடங்கு. ஆக, மூன்று மடங்குக்கும் மேல். 115 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால் ஒரு பக்கம் சுமார் 130 ஜூல், மறுபக்கம் சுமார் 420 ஜூல். 25 கிலோ அரிசி மூட்டை முழங்கால் உயரத்திலிருந்து காலில் விழுவதற்கும், ஆள் உயரத்திலிருந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. வேகப்பந்து வீச்சாளருக்கு ஓடிவர இடம் கொடுத்ததுபோல.

இது இலவசமாகக் கிடைத்த வரம் அல்ல. எதிரணி பந்தை எறியாமல் நேராக முட்டிக்கொண்டு ஓடினால் அதே ஒரு கெஜம் தடுப்பணிக்குச் சாபம். ஆளைத் தொடுவதற்குள் அவர் வேண்டிய தூரத்தைக் கடந்துவிடுவார். கனடாவில் இன்னும் ஒரு கெஜம்தான் தேவை என்ற நிலையில் பெரும்பாலான அணிகள் தயங்காமல் முட்டிப் பார்ப்பது இதனால்தான்.

எனவே தடுப்பவருக்கு முக்கியமான கேள்வி, எதிரணி எறியப் போகிறதா, ஓடப் போகிறதா என்பது. இங்கே இன்னொரு விதி கைகொடுக்கிறது. அமெரிக்காவில் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள், கனடாவில் மூன்றே. மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவார்கள் என்பதால், உண்மையில் இரண்டுதான். முதல் வாய்ப்பில் இரண்டு மூன்று கெஜம்தான் கிடைத்தது என்றால், அடுத்தது எறிதல் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். வேக் போன்ற ஒருவர் யோசிக்க வேண்டியதில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்புவதற்கும் ஒரு முறை உண்டு. பந்து எப்போது நகரும் என்பது தாக்கும் அணிக்கு முன்கூட்டியே தெரியும். குரலில் எண்ணிக்கை சொல்லித்தான் தொடங்குகிறார்கள். தடுப்பவர் அந்தக் குரலை நம்பினால் ஏமாந்துபோவார், ஏனெனில் வேண்டுமென்றே குரலை உயர்த்தி அவரை முன்கூட்டியே பாயவைப்பது பழைய தந்திரம். அவர் பார்க்க வேண்டியது பந்தை மட்டும். இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒலியைக் கேட்டு உடல் அசைவதைவிடக் காட்சியைப் பார்த்து அசையச் சற்றுக் கூடுதல் நேரமாகும். ஒளி விழித்திரையில் வேதிமாற்றம் நிகழ்த்தி, அது நரம்புத் துடிப்பாக மாறி மூளைக்குப் போக வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவருக்கும் ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. அதைக் குறைக்க வழி குறைவு. அதற்கு அடுத்த அரை வினாடியில் செய்வதைத்தான் மெருகேற்ற முடியும். வேக்கின் பெயர் எடுபட்டதே அந்த முதல் இரண்டு அடிவைப்புகளால்தான்.

குவார்ட்டர்பேக் கோட்டுக்குப் பின்னால் ஆறேழு மீட்டரில் நிற்கிறார். நேர்வழியில் அவரைக் காக்கும் முன்வரிசைக்காரரான டேக்கிள் மலைபோல நிற்பதால் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; பாதை எட்டொன்பது மீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 4 மீட்டர் என்றால், பார்த்து உணரும் நேரமும் சேர்த்து இரண்டரை வினாடிக்குள் போய்ச் சேரலாம். எறிகிறவர் பந்தைக் கையில் வைத்திருப்பதும் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று வினாடிதான். இந்தத் தொழிலில் லாப நட்டமெல்லாம் வினாடியின் பத்தில் ஒரு பங்கில்.

அந்தச் சுற்றுப்பாதையைத்தான் நான் மிகவும் ரசித்துப் பார்ப்பேன். மூன்று மீட்டர் ஆரமுள்ள வளைவில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால், மையத்தை நோக்கிய முடுக்கம் 8 மீட்டரைத் தாண்டுகிறது. புவியீர்ப்பில் ஆறில் ஐந்து பங்கு. விழாமலிருக்க உடல் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை சாய வேண்டும். வளைவில் மோட்டார் சைக்கிள் சாய்வதைப் பார்த்திருப்போம். இங்கே 115 கிலோ மனிதர், அதுவும் ஒருவர் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது. பற்கள் வைத்த காலணி தரையைக் கவ்வ வேண்டும். கணுக்கால் மடங்கி உள்ளங்கால் தரையிலேயே படிந்திருக்க வேண்டும். தோளைத் தாழ்த்தினால் தள்ளுகிறவரின் கைக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. உயரமும் கனமும் மட்டும் போதுமானால் இதைச் செய்ய ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது.

கனடிய ஆடுகளத்தின் அகலம் 65 கெஜம். அமெரிக்காவினுடையது 53-க்குச் சற்றே மேல். பத்து மீட்டருக்கும் அதிகமான அந்தக் கூடுதல் அகலம், பின்னால் நின்று காவல் காப்பவர்களுக்குப் பெரும் தலைவலி. போதாக்குறைக்கு 'வேகிள்' என்ற ஏற்பாடு வேறு. பந்து நகர்வதற்கு முன்பே, அதைப் பிடிக்கப் போகிறவர்கள் கோட்டை நோக்கி ஓடிவரலாம். தொடர் ஓட்டத்தில் கட்டையோடு வருபவர்போல் முழு வேகத்தில் கோட்டைக் கடக்கிறார் ஒருவர். காவலரோ நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வந்தவரின் வேகம் 7 மீட்டர், காவலரின் முடுக்கம் 4 என்றால், அவர் அதே வேகத்தை எட்ட ஒன்றே முக்கால் வினாடி ஆகும். அதற்குள் ஆறு மீட்டர் பறிபோய்விடும். திடுக்கிட்டு உணர்வதற்கான நேரத்தையும் சேர்த்தால் ஏழரை. அதனால்தான் அவர்கள் தொலைவில் நிற்கிறார்கள், முன்கூட்டியே பின்னோக்கி நகர்கிறார்கள். தடுப்பணியில் அமெரிக்காவைவிட ஒருவர் கூடுதல், பன்னிரண்டு பேர். இருந்தும் இந்தக் கணக்கை நெடுநேரம் தாங்க முடியாது. முன்வரிசை மூன்று வினாடிக்குள் எறிகிறவரை எட்டியாக வேண்டும்.

பருமனைவிடச் சுறுசுறுப்புக்கு விலை கூடுவது இப்படித்தான். அமெரிக்கத் தேர்வாளர்களின் பார்வையில் வேக் இரண்டுங்கெட்டான். முன்வரிசைக்கு இளைத்தவர், அதற்குப் பின்னால் நிற்க வேறு திறமை வேண்டும். கனடாவின் விதிகள் அந்த உடலுக்கென்றே எழுதப்பட்டவைபோல் இருந்தன. இது அந்த லீக்கில் புதிதுமல்ல; 1984-ல் அதே பி.சி. லயன்ஸ் அணியின் ஜேம்ஸ் பார்க்கர் ஒரே பருவத்தில் 26.5 சாக் எடுத்தார். 2027 முதல் ஆடுகளத்தின் நீளத்தை 110 கெஜத்திலிருந்து 100 ஆகக் குறைப்பதாக லீக் அறிவித்திருக்கிறது. அகலத்திலும் மூன்று வாய்ப்புகளிலும் கைவைக்கவில்லை. நல்லவேளை.

2009-ல் என்எஃப்எல் அணியான மயாமி டால்பின்ஸ் வேக்கை அழைத்துக்கொண்டது. ஒரு கெஜ ஓட்டம் பறிபோயிற்று; ஆனால் கற்றுக்கொண்ட கிளம்பலும் சாய்வும் கூடவே வந்தன. 2010-ல் 14 சாக், 2012-ல் 15.

2015 அக்டோபரில் குதிகால் நாண் அறுந்தது. அவருக்கு வயது 33. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண் அது. கொலாஜன் இழைகளாலான கயிறு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு விசையைத் தாங்குகிறது. 115 கிலோ மனிதருக்கு அது ஒரு சிறிய காரைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது, ஆறுவதும் மெதுவாகவே. முதலில் உருவாகும் இழைகள் தாறுமாறானவை, வலுவற்றவை. பல மாதங்கள் அளவான சுமையைக் கொடுத்தால்தான் அவை இழுவிசையின் திசையில் வரிசைப்படும். அதற்குப் பிறகும் நாண் முன்பைவிடச் சற்று நீண்டே இருந்துவிடுவதுண்டு. நீண்ட நாணில் தசையின் இழுப்பு தளர்கிறது. முதல் அடியின் உந்துதல் குறைகிறது. முதல் அடியையே நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிட மோசமான காயம் இருக்குமா என்று தெரியவில்லை.

மறு பருவத்தில் வேக் 11.5 சாக் எடுத்தார்.

2019 செப்டம்பரில், 37 வயதில், டென்னசி டைட்டன்ஸ் அணிக்காக முதல் ஆட்டம், கிளீவ்லாந்துக்கு எதிராக. அன்று இரண்டரை. மயாமியில் சேர்த்த 98-உடன் அது 100.5 ஆயிற்று. அதற்கு மேல் அந்த எண் நகரவில்லை.