கன்னியா கேட்டால் கிண்ணியாவைக் காட்டும் ஏஜென்ட்

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு விடுதி, அதற்கு ஒரு ஏஐ ஏஜென்ட், அதாவது கேள்வியைப் புரிந்து தானே கருவிகளை அழைத்துப் பதில் தரும் மென்பொருள், என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் நாலு கருவிகள் இருக்கின்றன: ஊர் வானிலை, கடல் நிலை, படகு முன்பதிவு, பஸ் ரயில் நேரம். தை மாதத்தில் ஒருவர், படகில் போகும் சிறு தீவொன்றைப் பற்றிக் கேட்கிறார்: "நாளைக்குப் புறாத்தீவு போகலாமா?" ஏஜென்ட் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு, "நல்ல வெயில், தாராளமாகப் போகலாம்" என்கிறது. மழை விட்டு வெயில் எறித்தாலும் வாடைக்காற்று அடங்கும்வரை கடல் கொந்தளிக்கும் என்பது திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடல் நிலைக் கருவி பக்கத்திலேயே சும்மா இருந்தது. ஏன் அதை எடுக்கவில்லை?

காரணம், ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரி (language model) கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதைப் பற்றிய இரண்டு மூன்று வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இவை கேள்வியோடு சேர்ந்து வெறும் எழுத்தாகவே உள்ளே போகின்றன. அதை வாசித்து, எந்தக் கருவி, என்ன விவரம் என்று மாதிரி எழுதிக் கொடுக்கும். கருவியை உண்மையில் இயக்குவது வேறொரு நிரல். விடை திரும்பி வந்ததும் மாதிரி மேற்கொண்டு யோசிக்கிறது. நம் விடுதியில் ஒன்றுக்கு "வானிலைத் தகவல் தரும்" என்றும் மற்றதற்கு "கடல் தகவல் தரும்" என்றும் எழுதியிருந்தால், புறாத்தீவுக்கு எதைப் பார்ப்பது என்பது ஊகம்தான். "படகுப் பயணம், கடற்குளிப்பு பற்றிய கேள்விகளுக்கு இதை அழை, அலை உயரமும் காற்றின் வேகமும் தரும், ஊருக்குள் மழையா வெயிலா என்று அறிய இது வேண்டாம்" என்று எழுதினால் கதை மாறும்.

மாறுமா? அதை அளந்துதான் சொல்ல முடியும். விளக்கத்தை வாசித்து "நன்றாக இருக்கிறது" என்று தலையாட்டுவதில் பயனில்லை. எழுதியவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். வரிகளில் இல்லாததை அவர் மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஆகவே முதலில் ஒரு கேள்வித் தொகுப்பு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி சரி என்ற குறிப்போடு. கேள்விகள் ஆட்கள் கேட்கிற மாதிரியே இருக்க வேண்டும்: "கடல் எப்பிடிக் கிடக்கு?", "நாளைக்கு வள்ளம் விடுவாங்களா?" விளக்கத்தில் உள்ள சொற்களையே எடுத்துக் கேள்வி தயாரித்தால் மதிப்பெண் கொட்டும், அது பொய் மதிப்பெண். எந்தக் கருவியும் தேவைப்படாத கேள்விகளும் கலந்திருக்க வேண்டும். "புறாத்தீவில் பவளப்பாறை இருக்கா?" என்பதற்கு அலை உயரம் எதற்கு? பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தும் கருவி அழைப்புத் தரவரிசையும், பொருத்தமில்லாதபோது மாதிரி சும்மா இருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்கிறது.

ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கடல் நிலைக் கருவியை மாதிரி எடுப்பதில்லை என்று கண்டதும், "எப்போதும் முதலில் இதையே அழை" என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கருவியின் மதிப்பெண் ஏறும். அப்புறம் பஸ் நேரம் கேட்டவருக்கும் அலை உயரம் போய்ச் சேரும். ஒரு விளக்கத்தைத் தொட்டால் எல்லாக் கருவிகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், கருவிகளை ஏஜென்டுகளோடு இணைக்க எம்சிபி (MCP) என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. ஒருவர் எழுதிய கருவியை வேறொருவர் தன் ஏஜென்டில் செருகலாம். அங்கே பக்கத்தில் எந்தக் கருவிகள் இருக்கும் என்று எழுதியவருக்குத் தெரியாது.

சரியான கருவியை எடுத்தபிறகும் விவரத்தில் கோட்டை விடலாம். ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பது கன்னியாவில். பாலம் கடந்து போகும் நகரம் கிண்ணியா. வெளியூர்ப் பயணி ஆங்கில எழுத்தில் தட்டும்போது இரண்டும் ஓரெழுத்து வித்தியாசத்தில் நிற்கும், பஸ்ஸோ வேறு வேறு திசை. இடப்பெயரை வெற்றுக் கட்டமாக விடாமல், அனுமதிக்கப்பட்ட பெயர்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் அரை வரி சேர்ப்பது நல்லது. பிழைச் செய்தியும் விளக்கத்தின் பகுதிதான் என்பேன். "இடம் கிடைக்கவில்லை" என்பதைவிட "கன்னியாவா, கிண்ணியாவா?" என்று கருவி திருப்பிக் கேட்டால், ஏஜென்ட் தானாகவே திருந்த வழியுண்டு.

இன்னொன்று, ஒரே கேள்விக்கு மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவு எடுக்காது. ஒரு தடவைக்கு 90 வீதம் சரி என்றால் கேட்க நன்றாக இருக்கும். எட்டுத் தடவையும் விடாமல் சரியாக வரும் வாய்ப்பு? 0.9-ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 43 வீதம்தான். 2024இல் வந்த டாவ்-பெஞ்ச் சோதனை இந்தச் சீர்மையையே அளக்கிறது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் பல தடவை ஓட்ட வேண்டும். விளக்கத்தைத் திருத்தப் பயன்படுத்திய கேள்விகளையே இறுதித் தேர்வுக்கும் வைக்காமல், ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

அதற்காக விளக்கத்தை நீட்டி முழக்கவும் கூடாது. எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கேள்வியோடும் உள்ளே போகிறது. காசும் நேரமும் அதற்கேற்பப் போகும். ஒரு வரியை நீக்கிச் சோதித்துப் பார்த்து, மதிப்பெண் இறங்காவிட்டால் அந்த வரியை அழித்துவிடலாம். மொழி மாதிரியை மாற்றினாலும் முழுத் தொகுப்பையும் திரும்ப ஓட்டுங்கள். பழைய மாதிரிக்காகச் சேர்த்த எச்சரிக்கை வரி, புதியதை அளவுக்கு மீறித் தயங்க வைக்கக்கூடும்.