குடும்ப ஜெபம் விசாரணைக் கூடமாக வேண்டாம்

கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிள்ளையை அடித்து வளர்க்கலாமா, கூடாதா?" என்பதுதான். அப்பாக்கள் வேதாகமத்தின் நீதிமொழிகள் 13:24ஐப் பார்க்காமலேயே சொல்வார்கள்: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று அப்பாக்களைப் பார்த்தே எழுதப்பட்ட எபேசியர் 6:4 அவ்வளவு சீக்கிரம் நினைவுக்கு வருவதில்லை. கொலோசெயர் 3:21 அதற்கான காரணத்தையும் சொல்கிறது: பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள்.

திடனற்றுப்போன அந்தப் பிள்ளைகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் எல்லாரும் அடி வாங்கியவர்கள் அல்ல.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேதத்தைத் தொட மறுக்கிறான், ஞாயிறு காலையானால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான் என்று அம்மா அழைத்து வந்தார். தனியாகப் பேசியபோது காரணம் வெளிவந்தது. இரவு குடும்ப ஜெபத்தில் எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது அப்பா சத்தமாக ஜெபிப்பாராம்: "ஆண்டவரே, இவன் கணக்குப் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்துப் பொய் சொன்னான். இவனை மாற்றும்." பக்கத்தில் தங்கையும் பாட்டியும் இருப்பார்கள். சில நாள் விருந்துக்கு வந்த சித்தப்பாவும் இருப்பார். அத்தனையையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கடைசியில் அவனும் ஆமென் சொல்ல வேண்டும். பொய்க்குத் தண்டனை, 119ஆம் சங்கீதம் முழுவதையும் எழுதுவது. 176 வசனங்கள். "அப்பாவும் ஆண்டவரும் ஒரே கட்சி, மேடம்" என்றான்.

அந்த அப்பா கல்நெஞ்சக்காரர் அல்ல. மகன் கெட்டுப்போய்விடுவானோ என்று உள்ளூர நடுங்குகிறவர். ஆனால் தான் நேரில் சொல்லவேண்டிய கண்டிப்பை ஆண்டவர் பெயரில் சொல்லிவிட்டார். "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று மூன்று வயதில் தொடங்குவதும் இதே வழிதான். அப்பாவிடம் அடி வாங்கிய பிள்ளைக்கு ஓடிப்போய் அழ ஆண்டவராவது இருப்பார். அந்தக் கதவையும் நாமே சாத்திவிட்டால் பிள்ளை எங்கே போகும்?

கண்டிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதத்தில் வரும் ஆசாரியனான ஏலி தன் குமாரரின் அக்கிரமத்தை அறிந்திருந்தும் அடக்கவில்லை. "நீ இப்படிச் செய்வானேன்" என்று தாவீது ராஜா தன் மகன் அதோனியாவை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை என்கிறது 1 இராஜாக்கள் 1:6. இரண்டு வீடுகளும் என்ன ஆயின என்பதை வேதம் மறைக்கவில்லை. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் அப்பா கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏற, மிச்ச மாதங்களில் அம்மா மட்டும் வில்லியாக நிற்கும் வீடுகளும் எனக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை ஆராய்ந்து கண்டதும் இதையே உறுதிசெய்கிறது: உறுதியான எதிர்பார்ப்போடு பாசமும் காரணம் சொல்லும் பழக்கமும் சேர்ந்த வீடுகளில்தான் பிள்ளைகள் பொறுப்போடு வளர்கிறார்கள்.

அடியைப் பற்றிக் கேட்டால் என் பதில், வேண்டாம் என்பதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் அதையே சொல்கிறது. பள்ளியில் அடிப்பதை நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் செய்த மாற்றம் எளிமையானது. விடைத்தாளை அப்பாவும் மகனும் மட்டும் உட்கார்ந்து பார்ப்பது. பொய் சொன்னதற்கு இரண்டு வாரம் செல்போன் கிடையாது. தினமும் கணக்கு நோட்டைக் காட்ட வேண்டும். கெடு முடிந்தபின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, ஜெபத்திலும் கூடாது. குடும்ப ஜெபத்தில் அப்பா தன் குறையை மட்டும் அறிக்கையிடலாம். ஒரு நாள் அவர், "இன்று பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன், மன்னியும்" என்று ஜெபித்ததாக அம்மா சொன்னார். வயிற்றுவலி குறைந்திருக்கிறது. பையன் இன்னும் தானாக வேதம் வாசிப்பதில்லை. அதைப் பற்றி இப்போதைக்குக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பள்ளி வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால், அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொண்டால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், போதகரிடம் ஜெபிக்கச் சொல்வதோடு நிறுத்தாமல் குழந்தை மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் தாங்களே உதவி கேட்க 1098 என்ற இலவச எண் இருக்கிறது. சண்டே ஸ்கூல் அறையின் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் அதை எழுதி ஒட்டுங்கள்.